கறைபடாத கோப்பை

அந்த நாற்றத்தை நான் மறக்கவே மாட்டேன். என் மகள் காவியாவுக்கு எட்டு வயது. தினமும் ஜட்டியை நாசம் செய்துகொண்டு வந்து நின்றாள். கூழாக ஒழுகியது. எனக்குக் குமட்டும். "கழுத மாதிரி வளந்துட்ட, வெக்கமா இல்ல?" என்று முதுகில் இரண்டு வைப்பேன். அலசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பெற்ற பிள்ளை மீது அருவருப்பு வருமா என்றால், வரும். எனக்கு வந்தது.

வயிற்றுப்போக்கு என்றுதான் நினைத்தேன். மெடிக்கலில் போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வாழைக்காயை அவித்துத் திணித்தேன். வயிறு பானையாக உப்பியது. ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மூத்திரமும் வராமல் அலறினாள். நானும் என் வீட்டுக்காரர் நந்தகுமாரும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இது போக்கு இல்லம்மா. உள்ள மலம் கல்லாட்டம் அடைச்சிருக்குது. அதுக்கு மேல தேங்குனதுதான் சந்துல கசியுது. கசியறது புள்ளைக்கே தெரியாது. அடைப்பு அழுத்தித்தான் மூத்திரமும் நின்னுருக்குது. நீங்க குடுத்த மாத்திரை இன்னும் கெட்டியாக்கிடுச்சு."

குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்தார்கள். மூன்று நாள் எனிமா கொடுத்தார்கள். வெளியே வந்ததைச் சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது. பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"ஏன் இப்படி அடக்கி வெச்சிருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் பள்ளிக்கூடத்துக் கக்கூஸைக் கரித்துக் கொட்டினேன். காவியா சுவரைப் பார்த்தபடி குறுக்கே பேசினாள். "ஸ்கூல்ல தண்ணி வராது. வூட்ல போனா கறை படும். அம்மா அடிக்கும்."

நான் செராமிக் கம்பெனியில் கக்கூஸ் கோப்பைகளைச் சோதிக்கிறவள். கடுகளவு கரும்புள்ளி இருந்தாலும் கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். பதினோரு வருஷமாக இதே பார்வை. வீட்டில் பதித்திருப்பதும் நானே பொறுக்கி எடுத்த கோப்பைதான். அதில் ஒரு கறை தெரிந்தால் போதும், பிள்ளையை இழுத்துவந்து தேய்க்க வைப்பேன். வேல்விழி வீட்டுக் கக்கூஸில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று தெருவில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

மாதக்கணக்கில் மலத்தை இளக்கும் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும், சாப்பிட்டதும் பத்து நிமிஷம் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். "திட்டவே கூடாது" என்பதை மட்டும் டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, வலியில்லாமல் போனாள். கதவுக்கு வெளியே நின்று கொளஞ்சியப்பரைக் கும்பிட்டேன்.

"போயிட்டியா கண்ணு?"

சரக் சரக்கென்று சத்தம்தான் கேட்டது. கதவைத் தள்ளினேன். கால்கூடக் கழுவாமல், பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக் கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

"இரும்மா, அடிக்காத. போயிடும்."

எனக்குக் குமட்டியது. பிள்ளையைப் பார்த்து அல்ல.