பன்றித் தொட்டியில் கிரீடம்

எங்கள் உர்செய்ரா என்ற சின்னக் கிராமப் பங்கில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வாக்குகள். வரலாறு இல்லாமலேயே நன்றாகத்தான் இருந்தோம். பக்கத்துப் பங்கு தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டுவிட்டது. எங்கள் பங்கு மன்றத் தலைவர் அடெரீட்டோவுக்குத் தூக்கம் போய்விட்டது. நகரத் தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திவிட்டு ஊர் திரும்பியவர், தானே எழுத உட்கார்ந்தார். ஆதாரம் ஜெனோவேவாவின் பன்றிக் கொட்டிலில் கிடைத்தது. கருங்கல் தொட்டியில் மூன்று முனைச் செதுக்கல்!

"கிரீடம்! அரசர் இங்க ஒரு ராத்திரி தங்கியிருக்காரு."

"எங்க, பன்னி கூடவா? அது எங்க தாத்தா கீறினது, தலைவரே."

"உங்க தாத்தாவுக்கு எதுக்கும்மா கிரீடம்?"

தொட்டி டிராக்டரில் ஏறித் தேவாலய வாசலுக்குப் போனது. பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. பன்றி அதை முதல் நாளே கவிழ்த்துவிட்டுப் பட்டினி கிடந்தது. டிசம்பரில் அறுக்க வேண்டிய பன்றி. ஜெனோவேவாவுக்கு வருடம் முழுவதற்குமான கறி அதுதான்.

"எலும்பும் தோலுமா நிக்குது. தொட்டியக் குடுங்க."

"வரலாறு பெருசா, பன்னி பெருசா?"

"வரலாற்றுல தொத்திறைச்சி போட முடியுமா, தலைவரே?"

சனிக்கிழமை தொட்டிக்குத் திறப்பு விழா. நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்திருந்தார். தலைவரின் உரை ஒரு மணி நேரம் ஓடியது. எங்கள் பொது அடுப்பில் எல்லா வீட்டு ரொட்டியும் ஒன்றாக வேகும். சண்டை வராமலிருக்க அவரவர் குடும்பக் குறியை மாவில் கீறித்தான் உள்ளே தள்ளுவோம். தலைவரின் உரையில் அரசர் கோட்டையைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, ஜெனோவேவா தன் கறுத்த ரொட்டியைச் சுடச்சுடக் கொண்டுவந்து தொட்டியின் மேல் வைத்தாள்.

அதே மூன்று முனை.

அதிகாரி அம்மாள் குனிந்து பார்த்தார். பாதிரியாருக்கு இருமல் வந்தது. பின்வரிசையில் ஒருவன், "அரசரு ரொட்டியும் சுட்டாராய்யா?" என்றான்.

முப்பது பக்கம் எழுதி முடித்தவர் லேசில் விடுவாரா?

"பார்த்தீங்களா! ஜெனோவேவா அரச வம்சம்! ரத்தமே சாட்சி!"

கைதட்டல் அடங்கும்வரை ஜெனோவேவா காத்திருந்தாள்.

"அப்போ நான் சொன்னா நீங்க கேக்கணும், இல்லையா?"

"தாராளமா... மகாராணி."

"இந்தத் தொட்டி இப்பவே என் கொட்டிலுக்குப் போகணும்."

மறுத்தால் புத்தகமே பொய்யாகிவிடும். தலைவர் தன் கோட்டுச் சட்டையைக் கழற்றிப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு, தொட்டியின் ஒரு முனையைப் பிடித்தார்.