கடைசி வரிசைக் குரல்

டிவியில் இருபத்திரண்டு பிள்ளைகள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் மட்டும் வரவில்லை. மார்கரெட் டீச்சர் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தனையும் அவளுடைய பிள்ளைகள். வெள்ளிமலை தாண்டி உள்ளே இருக்கிற தொடக்கப் பள்ளியில், புதன்கிழமைதோறும் செல்போனை நோட்டுக் கட்டின்மேல் சாத்தி வைத்து, "டவுன் பசங்க கேட்டுக்கினு இருக்காங்க, நல்லாப் பாடுங்க" என்று அவளே உட்கார்த்தி வைக்கிற பிள்ளைகள். இன்றைக்கு அவளுக்குக் கள்ளக்குறிச்சியில் பயிற்சிக் கூட்டம். மலைப் பள்ளியில் ஹெட்மாஸ்டர் தங்கதுரை போனைப் பார்த்துக்கொண்டார். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட, ஏழு வாரமாக வீடியோ காலில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற இளஞ்செழியன் சாரை நேரில் பார்த்து நன்றி சொல்லலாமே என்று இந்தத் தனியார் பள்ளிக்கு வந்திருந்தாள். கையில் பிள்ளைகள் கொடுத்தனுப்பிய ஒரு பை கொய்யாப்பழம் வேறு.

டவுன் பிள்ளைகள் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜோராகப் பாடினார்கள். ஒரு பையன் மட்டும் திரும்பித் திரையைப் பார்த்து, மீன் மாதிரி வாயைப் பிளந்து காட்டினான். பக்கத்திலிருந்ததுகள் குலுங்கிச் சிரித்தன. சார் கண்டும் காணாமல் கீபோர்டில் விரலை ஓட்டினார். பாட்டு முடிந்ததும் எழுந்து கேமரா முன்னால் வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அருமைங்க சார். கடைசி வரிசைல ஒரு கொரலு மட்டும் தனியாத் தெரியுது. கொஞ்சம் பாத்துக்குங்க."

திரையில் தங்கதுரை பவ்யமாகத் தலையாட்டினார்.

மூன்றாவது வாரம் இதே வார்த்தையை, இதே சிரிப்போடு மார்கரெட்டிடமும் சொல்லியிருந்தார். யார் குரல் என்று அவர் சொல்லவில்லை. அவள்தான் கடைசி வரிசையைத் துழாவி தேவிப்ரியாவைப் பிடித்தாள். நாலாம் வகுப்பு. கொல்லையில் நின்று கூப்பிட்டே மாட்டைத் திருப்புகிற பிள்ளை, தொண்டை கணீரென்று இருக்கும். "நீ வாய மட்டும் அசைச்சிக்கினு இரு கண்ணு, சத்தம் வேணாம்" என்று தேனொழுகச் சொன்னாள். அன்றையிலிருந்து அந்தப் பெண் வாயைத்தான் அசைக்கிறாள். இன்றைக்கும் அசைத்தாள். பிறகு எந்தக் குரல் தனியாகத் தெரிந்ததாம்?

பிள்ளைகள் கலைந்ததும், டிவியில் ஏன் சத்தமில்லை என்று கேட்டாள்.

"அதுங்களா மேடம்," என்றார் அவர், ஒளித்து மறைக்க ஒன்றுமில்லாதவர்போல. "மலையிலேர்ந்து சத்தம் ரெண்டு செகண்ட் லேட்டா வருது. என் பசங்களுக்குத் தாளம் போய்டுது. அதான் மொத வாரத்துலேர்ந்தே டிவி சவுண்ட ஃபுல்லா கம்மி பண்ணி வெச்சிட்டேன்."

"அப்ப அந்தக் கொரலு?"

"அது பொதுவா சொல்றதுங்க. ஒண்ணுமே சொல்லலன்னா கவனிக்கலைன்னு நெனப்பீங்க இல்ல. எந்த கிளாஸ்லயும் அப்படி ஒண்ணு இருக்கத்தான் செய்யும்."

சொல்லிவிட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு கொய்யாவை எடுத்து, சட்டையில் துடைத்துக் கடித்தார். மலைப்பழத்துக்குத் தனி ருசி என்றார். தாடையோரம் விதை ஒட்டியிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை விட்டு, "வரேங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அந்தக் கும்பிடு அவர் சொன்ன பொய்யைவிடக் கேவலமாக இருந்தது.

கச்சிராயபாளையத்தில் வீட்டுக்கு வந்து முகம் கழுவியும் அருவருப்பு போகவில்லை. பிள்ளைகளை இப்படி ஏமாற்றியவன் வாத்தியாரா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டத் திட்ட அவளுக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது. விடிந்ததும் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்துகொண்டாள்.

காலையில் மலைப் பேருந்தை விட்டு இறங்கியவுடன் தேவிப்ரியாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்த சாருக்கு நம்ம பாட்டு ஒண்ணுமே கேக்கல கண்ணு. சவுண்ட நிறுத்தி வெச்சிக்கினு சும்மா சொல்லியிருக்காரு. ஒங்கொரல்ல ஒரு கொறையும் இல்ல. இனிமே நீ நல்லாப் பாடு, இன்னா?"

தேவிப்ரியா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"அவருக்குக் கேக்கல, செரி," என்றாள். "ஒங்களுக்குக் கேட்டுச்சில்ல டீச்சர்?"

கேட்டது. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து மூன்று வாரம் மார்கரெட் கேட்டிருந்தாள். தாளம் ஒருநாளும் தப்பவில்லை என்பதும் தெரியும். டவுன் சார் சொன்னதும் அவளுக்குத் தன் காதுமேல் நம்பிக்கை போய்விட்டது. நேற்றிலிருந்து அவர்மேல் இருந்த கசப்பு எல்லாம் இப்போது தன்மேலேயே திரும்பியது.

பிரேயருக்கு முதல் மணி அடித்தது. வரிசையில் நிற்கச் சொல்லி தங்கதுரை அதட்டினார். தேவிப்ரியா நகரவில்லை. பதிலுக்காக டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது மணியும் அடித்தது. அப்போதும் வரிசைக்குப் போகாமல் குனிந்து, பாவாடை ஓரத்தில் ஒட்டியிருந்த நாயுருவி முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டீச்சரின் காலடியில் போட ஆரம்பித்தாள்.