முதலில் யாருக்கு இருட்டு

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கே ரோகிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுப்பாட்டு அறைக்கு வந்த மேனேஜர் சிவேந்திரன், டீசல் இன்ஜின்களை நிறுத்தச் சொன்னதோடு விடவில்லை; அவற்றைக் கிளப்பும் பேனலைப் பூட்டிச் சாவியையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பத்தரைக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம். அவருடைய நிர்வாகக் கட்டடத்துப் பெரிய திரையில் 'நூறு விழுக்காடு காற்று' என்று பச்சை எழுத்தில் தெரிய வேண்டுமாம். நடுவில் எவனாவது இன்ஜினைத் தட்டிவிட்டுப் புகை கிளம்பினால் மானம் போய்விடுமாம்.

பண்டமாரான் ஊரை ஒட்டிய அந்தத் தொழிற்பேட்டைக்குச் சொந்த மின்சாரம். கடலோரத்தில் பன்னிரண்டு காற்றாலைகள், ஒரு கொட்டகை நிறைய பேட்டரி, இரண்டு டீசல் இன்ஜின். இவற்றைக் கட்டி மேய்ப்பது ரோகிணியின் வேலை. வேலை என்றால் ஒரே ஒரு எண்ணைக் காவல் காப்பதுதான்: ஐம்பது. உற்பத்தியும் செலவும் சரியாக இருந்தால் மின்சாரத்தின் அலைவெண் ஐம்பது ஹெர்ட்ஸில் நிற்கும். காற்று சட்டென்று விழுந்தால் எண்ணும் விழும். நாற்பத்தொன்பதரைக்குக் கீழே போனால் இயந்திரம் யாரையும் கேட்காது. ஒரு பட்டியலை எடுத்து, முதலில் இருப்பவரின் மின்சாரத்தை வெட்டி, மற்றவர்களைப் பிழைக்க வைக்கும்.

அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது டயாலிசிஸ் மையம். கடைசியில் இருந்தது சிவேந்திரனின் நிர்வாகக் கட்டடம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அப்படி வெட்டியபோது, மையத்து நாற்காலிகளில் இருந்தவர்களில் ரோகிணியின் கணவன் கோபாலனும் ஒருவன். செவ்வாய், வியாழன், சனி அவனுடைய முறை. மெஷின்களின் பேட்டரி எல்லாம் கிழடு, பம்ப் நின்றுவிட்டது. தாதி ஹாஜிரா ஒவ்வொரு மெஷினாக ஓடி, கையால் சுற்றி, ரத்தத்தை அவரவர் உடம்புக்குள் திருப்பினாள். கோபாலனிடம் வருவதற்குள் அவன் ரத்தம் குழாயிலேயே உறைந்துபோனது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. வெட்டிய இயந்திரத்துக்குக் காவல் இருந்தவள் தானே என்று நினைத்து நினைத்து ரோகிணிக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டியலை மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதினாள். கணவன் விஷயத்தை மட்டும் எழுதவில்லை. எழுதினால் சொந்தக் காரியம் என்று தள்ளிவிடுவார்கள். மூன்றுக்கும் பதில் இல்லை. நேரில் கேட்டபோது, தலைமை அலுவலகம் இருட்டில் கிடந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும் என்றார் சிவேந்திரன். தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறையாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியவர். மேசைக்கு முன்னால் நிற்கிறவர்கள் கண்ணில் படுவதில்லை.

பத்து மணிக்குக் காற்றாலையடியிலிருந்து பராமரிப்பு ஆள் முகமது யூசுப் போன் செய்தான். கடல் பக்கம் வானம் கன்னங்கரேலென்று இருக்கிறது, நீரிணை தாண்டித் திடீரென்று வந்து அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்று வருகிறது என்றான். மழை ரேடாரிலும் நீரிணை நெடுக ஒரு சிவப்புக் கோடு. காற்றைக் கணித்துச் சொல்வதற்காகப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வாங்கிய மென்பொருள் மட்டும், மதியம் வரை சீரான காற்று என்று சாதித்துக்கொண்டிருந்தது. ரோகிணி சிவேந்திரனைக் கூப்பிட்டுச் சாவியைக் கேட்டாள்.

"காத்து வந்தா நமக்கு நல்லதுதானே லா," என்றார்.

"அளவுக்கு மேல வந்தா காத்தாடி தன்னைக் காப்பாத்திக்க நின்னுடும் பாஸ். பன்னெண்டும் நின்னுடும். பேட்டரி முழு லோடையும் தாங்காது. இன்ஜின் தயாராகவே பத்து நிமிஷம் வேணும்."

விருந்தாளிகள் வரும் நேரம், பிறகு பேசலாம் என்று போனை வைத்துவிட்டார்.

ரோகிணிக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் மேல் மட்டுமா? பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல் இத்தனை நாளும் அவளிடம்தான் இருந்தது. அனுமதி, அனுமதி என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தாளே, அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மையத்துக்குப் போன் போட்டாள். எட்டு நாற்காலியிலும் ஆள் இருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றாள் ஹாஜிரா.

ரோகிணி பட்டியலைத் திறந்தாள். மையத்தைக் கடைசிக்குத் தள்ளினாள். நிர்வாகக் கட்டடத்தை முதலுக்குக் கொண்டுவந்தாள். அந்தக் கட்டடத்தின் ஏர்கோன் ஒன்றே மையத்தைப்போல் நாலு மடங்கு இழுக்கும். வெட்டுவதாக இருந்தால் அதைத்தான் முதலிலிருந்தே வெட்டியிருக்க வேண்டும். பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, செய்ததை எழுதி, கையெழுத்தும் போட்டாள்.

பத்து நாற்பதுக்கு அடித்தது காற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரையில் காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பாகி, பன்னிரண்டாவதும் நின்றது. பேட்டரி முடிந்தவரை முட்டுக்கொடுத்துப் பார்த்தது. 49.9. 49.7. 49.5. 49.4. பட்டியலின் முதல் சுவிட்ச் தானாகத் திறந்து இணைப்பை வெட்டியது. எண் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, மெல்ல மேலே ஏறியது.

எதிரே நிர்வாகக் கட்டடம் முழுக்க இருண்டு கிடந்தது. மையத்தில் விளக்கு எரிந்தது.

சிவேந்திரன் மழையில் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். ரோகிணி கையை நீட்டினாள். சாவி வந்தது. இன்ஜின் உறுமியது, புகையும் கிளம்பியது. பேட்டரி தீர நாலு நிமிடம் இருக்கும்போது இன்ஜின் சுமையை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவர் பதிவேட்டைப் படித்தார். படித்து முடித்தபோது 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"யாரைக் கேட்டு மாத்தின?"

"மூணு தடவை உங்களைத்தான் கேட்டேன்."

"உன் வீட்டுக்காரர் அங்க போறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? முதல் கடிதத்துலயே விசாரிச்சிட்டேன். புருஷனைக் காப்பாத்த நீ ஆபீசை இருட்டாக்கிட்டன்னு ரிப்போர்ட் எழுதறேன். அத்தோட உன் வேலை போச்சு."

தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அந்த மனுஷனை ஒரு மாதமாகப் பட்டியலின் முதல் வரியில் உட்கார வைத்திருந்திருக்கிறார். ரோகிணிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"எழுதுங்க பாஸ். கிழமையையும் சேர்த்து எழுதுங்க. அவருக்கு செவ்வாய், வியாழன், சனி. இன்னைக்குப் புதன். அங்க இருக்கிற எட்டுப் பேர்ல ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது."