சராசரி அளவு

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தாலும் அவருடைய பாடம் வீட்டில் தொடரும். எனக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே ரெயின்கோட், ஒரே ஸ்வெட்டர். அவளுக்குக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், எனக்குக் கொஞ்சம் தொளதொளக்கும். கேட்டால், "ரெண்டு பேருக்கும் ஆகுதுல்ல?" என்பார். ஆகும்தான், ஆனால் இரண்டு பேருக்குமே சரியாக இருக்காது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டேன். ரெயின்கோட் தொளதொளத்தால் யாருக்கும் தோல் உரிந்துவிடாது.

மலை ஏறும் ஷூ வாங்கப் போனபோதும் அதே கணக்கைத்தான் போட்டார்.

தராசு தயாரிக்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்னுடையது. "உங்க மிஷின் பூஜ்யத்துக்கே வர மாட்டேங்குது" என்று நாடெங்கும் இருக்கிற கடைக்காரர்கள் திட்டுவதை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கேட்கிறேன். இந்த வருஷம் கிளை ஆய்வாளர் பதவி காலியானது. சம்பளம் கூடுதல், ஆனால் வாரத்தில் மூன்று நாள் வெளியூரில் தங்க வேண்டும். மற்றவர்கள் அந்த மூன்று நாளுக்குப் பயந்து ஒதுங்கினார்கள். எனக்கு வேண்டியதே அந்த மூன்று நாள்தான். யாருடைய சாக்ஸையும் தேடிக் கொடுக்காமல் விடியும் காலை, நான் அணைக்கும்வரை எரியும் விளக்கு. இதை வீட்டில் சொல்ல முடியுமா? "என்ன பண்றது, சம்பளம் வருதே, அலைஞ்சுதான் ஆகணும்" என்று சலித்துக்கொள்கிற மாதிரி சொல்லி வைத்தேன்.

எங்கள் ஆபீஸில் நேர்முகத் தேர்வு என்பது பேருக்குத்தான். மேனேஜர் மேடத்துக்கு மலைப் பைத்தியம். டாக்டர் நடக்கச் சொன்னாராம், அவர் ஏறவே தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு யார் ஏறுகிறார்களோ, திங்கட்கிழமை அவர்கள் பேச்சுக்குத்தான் மதிப்பு. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். இந்தத் தடவை அடுத்தடுத்த மூன்று ஞாயிறுகளுக்கு மூன்று மலை. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம், கடைசி மலைதான் பெரியது. போட்டியில் இருந்தது நானும், ஸ்டோர்ஸில் இருக்கும் ஸ்பீட் பிரேக்கரும். எந்தக் காகிதமும் அவன் மேஜையில் ஒரு தடவை நின்று குலுங்கித்தான் நகரும். அதனால் அந்தப் பெயர்.

ஷூ கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். கடைக்காரர் என் காலை அளவுப் பலகையில் வைக்கச் சொல்லிவிட்டு, மாலை நேரத்தில் வந்தது நல்லது என்றார். நடந்து நடந்து கால் வீங்கும், அந்த வீக்கத்தோடுதான் அளவு பார்க்க வேண்டுமாம். "முன்னாடி ஒரு விரல் இடம் விடணும்மா. ஆனா குதிகால் தூக்கக் கூடாது. குதிகால் ஆடிச்சுன்னா கொப்புளம்தான்."

"பாப்பா காலையும் அளங்க," என்றார் இவர்.

"எனக்கு எதுக்குப்பா மலை ஷூ?" என்றாள் மகள், செல்போனிலிருந்து தலையை எடுக்காமல்.

அவளுடைய கால் என்னுடையதைவிட இரண்டு அளவு பெரியது. இவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அப்ப நடுவுல இருக்கிறதைக் குடுங்க. ரெண்டு பேருக்கும் ஆகும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "போட்டுக்கப் போறது நீங்கதானேம்மா?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் இவர் பணம் கட்டும் இடத்துக்குப் போய்விட்டார். கடையில் வைத்துச் சண்டை போடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, வீட்டுக்கு வந்த பிறகும் இல்லை.

முதல் மலையில் பாதி வழி ஏறுவதற்குள் குதிகாலில் சூடு தெரிந்தது. அப்போதே ஓரமாக உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து மேடம், "எந்தக் கிளையிலேர்ந்து புகார் அதிகம் வருது?" என்று என்னைக் கேட்டார். பன்னிரண்டு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. நின்றால் பக்கத்து இடத்தை ஸ்பீட் பிரேக்கர் பிடித்துக்கொள்வான். அவன் தேய்ந்துபோன கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, கொய்யாக்காய் கடித்தபடி பின்னாலேயே வந்தான். அவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அது காலா கல்லா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பேசிக்கொண்டே ஏறினேன்.

வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோது இரண்டு குதிகாலிலும் கோலிக்குண்டு அளவுக்குக் கொப்புளம். மருந்துக்கடைப் பெண், "தண்ணியை மட்டும் எடுங்கக்கா, தோலை உரிச்சிடாதீங்க. அதுதான் மூடி," என்றாள். ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து ஓரத்தில் குத்தி, பஞ்சால் மெல்ல அழுத்தி நீரை எடுத்தேன். மேலே மருந்து, அதற்கு மேல் துணி. மறுநாள் முதல் பின்பக்கம் திறந்த செருப்பில் ஆபீஸ் போய், காலை மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டேன். மேடம் நடந்து வரும் சத்தம் கேட்டால் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொள்வேன்.

புதிதாக என் அளவில் ஒன்று வாங்கிவிடலாம் என்று யாருக்கும் சொல்லாமல் அதே கடைக்குப் போனேன். "இப்ப வேண்டாம்மா," என்றார் கடைக்காரர். "புது ஷூ விறைப்பா இருக்கும். வீட்டுக்குள்ள கொஞ்ச நாள் போட்டுப் பழக்கணும். புண்ணு மேல புதுசு போட்டா கதை கந்தல்." உள்ளே மெல்லிய சாக்ஸ், வெளியே தடித்த சாக்ஸ் என்று இரண்டாகப் போடச் சொன்னார். குதிகால் நழுவாமல் கணுக்காலோரம் கயிற்றை வளையம் போட்டு இறுக்கும் விதத்தையும் கட்டிக் காட்டினார்.

இரண்டாவது ஞாயிறு குதிகால் ஓரளவு பிழைத்தது. இறங்கும்போது கால் முன்னால் வழுக்கி விரல்கள் அடிவாங்கின. கட்டைவிரல் நகம் கறுத்தது. பாதத்துக்கு அடியில் புதிதாக ஒரு கொப்புளம் கிளம்பியது. ஆனால் அன்று முழுக்க மேடத்தின் பக்கத்தில் நடந்தது நான்தான். பழுதான தராசுகளை ஊர் ஊராக அனுப்பாமல் கிளையிலேயே சரிசெய்யும் என் யோசனையை அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது வலியோடு வலியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் இவர் ஒரு நாள் என் காலைப் பார்த்துவிட்டார். "போதும், விட்டுடு. இதென்ன வீம்பு?" என்றார். ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

கடைசி மலை ஏறி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் பல்லைக் கடித்தேன். முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். உச்சியில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, மேடம் என்னைத் தனியாக ஒரு பாறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"நீங்க இன்னைக்கு வருவீங்கன்னு நினைக்கவே இல்ல," என்றார். "கால் எப்படி இருக்கு?"

"காலுக்கு என்ன மேடம்?"

"மறைக்காதீங்க. வியாழக்கிழமை உங்க வீட்டுக்காரர் போன் பண்ணினார். கால் ரொம்ப மோசம், அவ சொல்ல மாட்டா, வெளியூர் அலையற வேலையெல்லாம் அவளுக்குத் தாங்காதுன்னார். எவ்வளவு அக்கறை! குடுத்து வச்சவங்க நீங்க." என் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன். அந்தத் தம்பி போகட்டும். உங்க யோசனையை அவர்கிட்ட சொல்லியிருக்கேன், நல்லா செய்வார்."

வெள்ளிக்கிழமையே முடிந்துபோன வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை ரத்தத்தில் நடந்து ஏறியிருக்கிறேன். "பரவால்ல மேடம்," என்றேன். இறங்கும்போது ஸ்பீட் பிரேக்கர், "அக்கா, கையைப் பிடிச்சுக்கங்க," என்று கையை நீட்டினான். நல்ல மனசோடுதான் நீட்டினான். பிடிக்காமல் இறங்கினேன்.

வீட்டில் இவர் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் வைத்துக் காத்திருந்தார். அவரே ஷூவைக் கழற்றினார். ஒட்டியிருந்த சாக்ஸை நனைத்து நனைத்து எடுத்தார். இவ்வளவு பதமாக அவர் என் காலைத் தொட்டு எத்தனை வருஷம் ஆகிறது. இதமாக இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எதுக்கு மேடத்துக்கு போன் பண்ணினீங்க?"

அவர் நிமிரவில்லை. "உன் நல்லதுக்குத்தான். நீயே சலிச்சுக்கிட்டியே, அலையணுமேன்னு. உன் வாயால வேண்டாம்னு சொல்ல முடியாது, நான் சொன்னேன். சம்பளம் இப்ப வர்றதே போதும். வாரத்துல மூணு நாள் எவன் லாட்ஜ்லயோ போய்க் கிடக்கணுமா?"

"எனக்கு அந்த மூணு நாள்தாங்க வேணும்."

"என்னது?"

"சம்பளத்துக்காக இல்ல. உங்களையெல்லாம் பார்க்காம இருக்கிற மூணு நாள். அதுக்குத்தான் மலை ஏறினேன்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், மகள் துண்டை எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றிருந்தாள். "உங்களையெல்லாம்" என்றதில் அவளும் உண்டு என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. இல்லை கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்லத் தெம்பில்லை. அவள் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

இவர் டப்புத் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஆறிடுச்சு," என்றார். "கொஞ்சம் வெந்நீர் ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க," என்றேன்.