புலவர் மேடையில் இறந்த கதை

தம் வாழ்க்கை இசை நாடகமாகிறது என்று கேள்விப்பட்டதும் ஷேக் அலாவுதீன் புலவருக்குத் தலைகால் புரியவில்லை. பினாங்கில் அவர் பெயரைத் தெரியாதவர் கிடையாது. பாட்டைத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டும். நிக்காஹ் பந்தலில் முதல் வரிசையில் உட்காரவைத்து, பன்னீர் தெளித்து, பாடச் சொல்லாமலே பிரியாணி போட்டு அனுப்பிவிடும் அளவுக்குப் பெரிய புகழ்.

மகிழ்ச்சியெல்லாம் கடைசிக் காட்சி காதில் விழும் வரைதான். நாடகத்தில் புலவர் செத்துப்போகிறார்.

“ஹயாத்தா இருக்குற மனுசனை மேடையில மவுத்தாக்குறதாவது? அந்தக் காட்சி வேணாம்னு சொல்லிட்டு வாங்க,” என்றாள் மனைவி ருக்கையா. அவள் கண் கலங்கியிருந்தது. புலவருக்கும் உள்ளூரப் பயம்தான். நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நாடகத்தன்று பிற்பகலிலேயே சூலியா தெருக் கொட்டகைக்குப் போனார்.

நாடகக் கம்பெனி முதலாளி வாசு அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்தார்.

“சாவு இல்லாம சரித்திரம் ஏதுங்க புலவரே? உயிரோட இருக்கிற ஆளைப் பாக்க எவன் டிக்கெட்டு எடுப்பான்? முடியாதுலா.”

“சரி, என் பாட்டு எத்தனை வருது?”

வாசு தலையைச் சொறிந்தார். பாட்டெல்லாம் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவை. கடைசியில் மனம் இறங்கி, சாகிற கட்டத்தில் மட்டும் புலவரின் பாட்டு ஒன்றைச் சேர்க்கலாம் என்றார். சாவை எடுத்தால் பாட்டுக்கு இடமில்லை.

புலவர் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு தாள் ஒன்றை வாங்கிப் பாட்டை எழுதிக் கொடுத்தார்.

மாலையில் கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்னால் கடைக்காரர்கள், பின்னால் துறைமுகத் தொழிலாளர்கள். புலவர் வேடம் கட்டிய ஜெயராஜ், நிஜப் புலவர் கனவிலும் கண்டிராத ஓர் இளவரசியோடு பாடிய காதல் பாட்டுக்கு ‘ஒன்ஸ் மோர்’ கேட்டார்கள். கோமாளியின் பாட்டுக்கும் கேட்டார்கள். யார் கேட்டாலும் திரும்பப் பாடுவது கொட்டகை வழக்கம். முன் வரிசைக்காரர் கேட்டால் மறுபேச்சே கிடையாது.

கடைசியில் ஜெயராஜ் கட்டிலில் சாய்ந்து, புலவர் வாலிபத்தில் உருகி எழுதிய பாட்டைத் தொடங்கினார். ஆர்மோனியம் தடுமாறிப் பின்னால் வந்தது. ஜனங்கள் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். பாட்டு முடிந்தது, தலை சாய்ந்தது. ஒரு கைதட்டல்கூட இல்லை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே புலவர் முன் வரிசையிலிருந்து எழுந்து கத்திவிட்டார்.

“ஒன்ஸ் மோர்.”

பிணம் மரியாதையாக எழுந்து சலாம் வைத்தது. மறுபடி பாடி, மறுபடி செத்தது. இந்தத் தடவை இரண்டு பேர் கைதட்டினார்கள். அதில் ஒருவர் புலவர்.

வீட்டில் ருக்கையா சாப்பிடாமல் காத்திருந்தாள்.

“நிறுத்திட்டீங்களா?”

புலவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“என் பாட்டைப் பாடுனாங்க புள்ள. ரெண்டு தடவை.”

ருக்கையாவின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பாட்டை யாரும் இரண்டாம் தடவை கேட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே ஆசையாகக் கேட்டாள்.

“எந்தக் கட்டத்துல?”

புலவர் குனிந்து சோற்றைப் பிசையத் தொடங்கினார்.