முதுகில் ஹியூபேட்டின் பெயர்

அன்று கொட்டாஞ்சேனையில் றஞ்சிதத்தின் வீட்டு முன்னறையில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசலைப் பார்த்த நீளச் சோபாவில் வெள்ளவத்தையிலிருந்து வந்த கதிர்காமநாதனும் அவர் மனைவி சிவமணியும். மின்விசிறிக்கு நேர் கீழே, பிரம்பு நாற்காலியில் மாளிகாவத்தை ஸீனத். றஞ்சிதத்தின் மகள் ரொஷேல் குசினி வாசலில் ஸ்டூலைப் போட்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக. றஞ்சிதம் சோபாவின் கைப்பிடியில், சிவமணிக்குப் பக்கத்தில். ஆனால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் அடிக்கடி எழும்பிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில். மேசை நடுவே, சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தது றஞ்சிதத்தின் போன்.

அந்தப் போனில் வரப்போகும் மணிச்சத்தத்துக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம்.

கடமையில் உயிரிழந்த பொலிஸ்காரர்களின் நினைவாக எங்கள் குழு வருடாவருடம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிள் பயணம் ஒன்றை நடத்துகிறது. ஐந்து நாள் ஓட்டம். சேரும் நன்கொடை அவர்களுடைய பிள்ளைகளின் படிப்புக்குப் போகும். சைக்கிள் ஓடும் ஒவ்வொருவரும் இறந்த ஒருவரின் பெயரை ஜேர்சியின் முதுகில் சுமந்து போவார்கள். அந்த ஒருவர் உயிர்விட்ட இடம் வழியில் வந்தால், எல்லோரும் இறங்கி நின்று சைக்கிள் மணிகளை ஒன்றாக அடிப்பார்கள். அந்தச் சத்தத்தை வீட்டார் போனில் கேட்பார்கள். மணியே இல்லாத ரேஸ் சைக்கிள்களுக்கும் இதற்காகவே மணி பூட்டுவோம்.

விதி ஒன்றும் உண்டு. தன் வீட்டில் இறந்தவரின் பெயரைத் தானே சுமக்கக் கூடாது. "சொந்தப் பேரைத் தூக்கினவன் ரோட்டைப் பாக்கமாட்டான்" என்று எங்கள் தலைவர் ஸ்ரான்லி முதல் வருடமே சொல்லிவிட்டார்.

ஆகவே, பதினொரு வருடங்களுக்கு முன் சிலாபத்துக்கு அப்பால் ஒரு பாலத்தடியில், கைகாட்டியும் நிற்காத லொறி மோதி இறந்த றஞ்சிதத்தின் கணவர் சார்ஜன்ட் ஹியூபேட்டின் பெயர், சிவமணியின் மகன் ஜனாவுக்குப் போனது. ஹியூபேட்டின் மகன் அனுஜனுக்கு, வெள்ளத்தில் ஆட்களை மீட்கப் போய்த் திரும்பி வராத கான்ஸ்டபிள் அகீலின் பெயர். அகீல் ஸீனத்தின் கணவர். ஜனாவும் அனுஜனும் ஒரே வங்கியில் வேலை செய்பவர்கள், ஒரே உயரம், சிரிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த வருடம் ஜேர்சியில் பெயருக்குக் கீழே வீட்டுப் போன் இலக்கத்தையும் அச்சடித்தோம். போன வருடம் வழியில் ஒரு தேநீர்க்கடைக்காரர் ஒரு பெயரைப் பார்த்து, "இந்த மனிதர் எனக்கு உதவி செய்தவர், வீட்டாரோடு ஒரு வார்த்தை பேச முடிந்தால்" என்று கண்கலங்கினாராம். அதனால் எடுத்த முடிவு. குழுவில் ஒருவரும் மறுக்கவில்லை. ஓடுகிறவரின் சொந்தப் பெயர், இரத்த வகை எல்லாம் பின்னால் வரும் வான் வண்டியில் ஒரு பையில் இருந்தன.

இரண்டாம் நாள் ஹியூபேட்டின் நாள். காலையிலேயே எல்லோரும் வந்துவிட்டோம்.

"என்ர மனுசன் நல்ல பாரமான ஆள்" என்றாள் றஞ்சிதம். "சிவமணி அக்கா, உங்கட மகன் அந்தச் சின்னக் காலை வச்சுக்கொண்டு எப்பிடித்தான் தூக்கிறானோ!"

"பேரைத்தானே தூக்கிறான், ஆளையே தூக்கிறான்?" என்றாள் சிவமணி.

"எங்கட அவர் மெலிஞ்ச ஆள்தான்" என்று ஸீனத் விசிறிக்கு முகத்தைக் காட்டியபடி சொன்னாள். "அதுதான் அனுஜன் தம்பி முன்னுக்குப் பறக்கிறார். நேத்து வீடியோவில பாத்தேன், மத்தவங்க எல்லாம் புள்ளியாத் தெரியுறாங்க."

கதிர்காமநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் காணேல்லை. மணியைக் கழட்டி வித்துப்போட்டாங்களோ?"

"அப்பிடியெண்டா உங்கட மகன்தான் வித்திருப்பான், வெள்ளவத்தைக்காரன்" என்று றஞ்சிதம் சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது.

தெரியாத இலக்கம். றஞ்சிதம் ஸ்பீக்கரை அழுத்தினாள். ரொஷேல் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாள். மணிச்சத்தம் வரவில்லை. சனங்களின் இரைச்சல் வந்தது.

"ஹலோ, சார்ஜன்ட் ஹியூபேட் மஹத்தயாகே கெதரத?" சார்ஜன்ட் ஹியூபேட் வீடுதானா என்று ஓர் ஆண் குரல் சிங்களத்தில் கேட்டது.

"ஒவ், ஒவ்" என்று ஆமோதித்தாள் றஞ்சிதம். எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "பாத்தீங்களா, ஆரோ இவரைத் தெரிஞ்ச ஆள்" என்றாள்.

அந்தக் குரல் அவசரமாகப் பேசியது. அவன் ஒரு திரீவீல் சாரதி. சைக்கிளில் வந்த ஹியூபேட் மஹத்தயாவை ஒரு வான் அடித்துவிட்டது. சைக்கிள் ஒரு பக்கம் கிடந்தது, அவர் ஒரு பக்கம் கிடந்தார். கூட ஆட்கள் இல்லை. தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறான். தலையில் அடி. முதுகில் பெயரும் இலக்கமும் இருந்ததால் எடுக்கிறான். வீட்டுக்கார நோனா உடனே வர வேண்டும்.

றஞ்சிதத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. அது போக நேரம் எடுத்தது.

"மல்லி, என் கணவர் இறந்து பதினொரு வருடம்" என்றாள் சிங்களத்தில், அவனைத் தம்பி முறை சொல்லி, மிக மரியாதையாக.

"இல்லை நோனா, இப்போதுதான் உள்ளே கொண்டுபோனார்கள். மூச்சு இருக்கிறது."

நான் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டுப் பத்திரிகையின் ஓரத்தில் எழுதினேன். அவன் போனை வைத்தான். ஹியூபேட் என்றால் ஜனா. அதை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. சிவமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் என் முகத்தில் வந்து நின்றாள்.

"இருளப்பன் அண்ணை, அது என்ர ஜனாவே?"

நான் ஸ்ரான்லிக்குப் போன் எடுத்தேன். அவர் போன் அடித்து அடித்து நின்றது. திரும்ப எடுத்தேன். அதே கதை. கதிர்காமநாதன் கார்ச் சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தட்டினார், காற்சட்டைப் பையைத் தட்டினார், சோபாவின் இடுக்கில் கையை விட்டார். சாவி அவருடைய மற்றக் கையில் இருந்தது.

றஞ்சிதம் சிவமணியின் முன்னால் நிலத்தில் முழங்காலில் இருந்தாள். அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள்.

"ஒண்டும் நடக்காது அக்கா. மூச்சு இருக்கு எண்டு சொன்னான்தானே. அந்தோனியார் கைவிட மாட்டார். அனுஜன் இருக்கிறான், அவன் பக்கத்தில நிப்பான், ஜனாவைத் தனிய விட மாட்டான்."

"தலையில எண்டல்லோ சொன்னவன்" என்றாள் சிவமணி. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போது அவளுடைய கைப்பைக்குள் போன் அடித்தது. ஸீனத்தான் எடுத்துப் பார்த்தாள். திரையில் ஜனாவின் பெயர். சிவமணி அதைத் தொட மறுத்தாள்.

"வேண்டாம். அவன்ர போனில இருந்து வேற ஆரோ எடுக்கினம். எனக்கு வேண்டாம்."

நான் வாங்கி அழுத்தினேன். றஞ்சிதத்தின் போனுக்குச் செய்தது போலவே, யோசிக்காமல், ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டேன்.

"அம்மா" என்றது போன். ஜனாவின் குரல்.

சிவமணி அலறினாள். "முருகா! என்ர பிள்ளை இருக்கிறான்! என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லை! இருக்கிறான்!" சோபாவிலிருந்து பாதி எழுந்து, கணவரின் தோளில் அடித்து, மறுபடி இருந்து, சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். நாங்களும் சிரித்திருப்போம் என்று நினைக்கிறேன். ஒரு கணம் அந்த அறை முழுவதும் லேசாகிவிட்டது.

"அம்மா, கத்தாதேங்கோ. அங்க றஞ்சிதம் அன்ரி நிக்கிறாவா? ஸ்பீக்கரை நிப்பாட்டுங்கோ. அம்மா, நிப்பாட்டுங்கோ."

என் விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை.

றஞ்சிதம் முழங்காலிலேயே இருந்தாள். சிவமணியின் கை இன்னும் அவள் கைக்குள் இருந்தது.

"ஜனா" என்றாள். "ஹியூபேட் அங்கிளின்ர ஜேர்சியை ஆர் போட்டிருக்கிறது?"

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஜனா, உன்னட்டத்தான் கேக்கிறன்."

"விடிய வெளிக்கிடேக்க அனுஜன் கேட்டவன் அன்ரி. அப்பாட பாலம் வரைக்கும் நான் போடுறன், அங்க போய் மாத்துவம் எண்டு. நான் வேண்டாம் எண்டனான். கெஞ்சினவன். நான் அகீல் அங்கிளின்ர பேரோட நிக்கிறன். அவன் எங்கள் எல்லாரையும் விட்டிட்டு முன்னுக்குப் போயிட்டான் அன்ரி. நாங்கள் வரேக்க ரோட்டில சைக்கிள் மட்டும்தான் கிடந்தது."

சிவமணிதான் முதலில் கையை இழுத்தாள். சுட்டுவிட்டது போல இழுத்து, அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நிமிடத்துக்கு முன் அந்த வாயிலிருந்து வந்த சொற்கள் இன்னும் அறையில் இருந்தன. ரொஷேல் "அண்ணா" என்று ஒரு தடவை சொன்னாள், யாரையோ கூப்பிடுவது போல.

"யா அல்லாஹ்" என்றாள் ஸீனத். பிறகு அவள்தான் றஞ்சிதத்தின் செருப்பைத் தேடி எடுத்துக் காலில் மாட்டிவிட்டாள்.

காரைக் கதிர்காமநாதன் ஓட்டினார். நான் முன் சீற்றில். பின்னால் றஞ்சிதம் நடுவில், இரு பக்கமும் ரொஷேலும் ஸீனத்தும். சிவமணிக்கு இடம் இருக்கவில்லை. அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெருங்கி இருந்து இடம் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை.

நீர்கொழும்பைத் தாண்டும்போது ஸ்ரான்லி போன் எடுத்தார். இந்த முறை நான் போனைக் காதோடு ஒட்டி வைத்தேன். அவர் சொன்னதைக் கேட்டேன். "சரி" என்றேன். வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தூரம் அப்படிப் போனோமோ தெரியாது.

"இருளப்பன் அண்ணன்" என்று பின்னாலிருந்து றஞ்சிதத்தின் குரல் வந்தது. "ஸ்பீக்கரில போட்டிருக்கலாமே."

கதிர்காமநாதன் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

பயணம் அத்தோடு நின்றது. ஓடியவர்கள் எல்லோரும் கொட்டாஞ்சேனைக்கு வந்து, அனுஜனின் செத்தவீட்டு ஒழுங்கைக்குள் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி அடிப்பதா என்று ஸ்ரான்லி என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஒருவரும் அடிக்கவில்லை. பெட்டி வீட்டில் இருந்த இரண்டு நாளும் ஜனா உள்ளே வராமல் மதிலோரம் இருந்தான். கடைசியில் றஞ்சிதம் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தினாள். "அவன் எந்த நாளும் பிடிவாதக்காரன்" என்று மட்டும் சொன்னாள். "நீ குடுக்காட்டிப் பறிச்சிருப்பான்."

சிவமணி வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை, ஏழாம் நாளுக்கும் வரவில்லை. றஞ்சிதம் போன் அடித்தால் எடுக்கமாட்டாள். கதிர்காமநாதன் வந்து என்னிடம் மெல்லச் சொன்னார்: "சாப்பிடுறாவில்லை. அந்த முகத்தை எப்பிடிப் பாக்கிறது எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

அடுத்த கிழமை றஞ்சிதம் என் வீட்டுக்கு வந்தாள். குழுவில் குடும்பங்களுக்குத் தமிழில் போகும் கடிதங்களை நான்தான் எழுதுவேன்.

"சிவமணி அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதோணும். எனக்குக் கை நடுங்குது. நான் சொல்லுறன், நீங்க எழுதுங்க."

தாளை எடுத்து, திகதி போட்டு, "அன்புள்ள சகோதரிக்கு, நலம், நலமறிய ஆவல்" என்று எழுதினேன். சிறு வயதில் பசறைப் பள்ளிக்கூடத்தில் படித்தது. கை தானாக எழுதிவிடும். றஞ்சிதம் எட்டிப் பார்த்தாள்.

"நலமா? ஆர் நலம்? வெட்டுங்க."

வேறு தாள் எடுத்தேன்.

"அக்கா, அண்டைக்கு நீங்க கத்தினதை நான் கேட்டன். அதை எழுதுங்க."

"தங்கச்சி, அதைச் சொல்லத்தான் வேணுமா? அந்த நேரம் எனக்கு ஒண்டும் காதில விழல்ல எண்டு எழுதினா அவங்களுக்கு ஆறுதலா இருக்குமே."

"அவ நம்புவாவா? எழுதுங்க." அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னாள். "ஆனா அதுக்கு முதல், அந்தத் திரீவீல்காரன் சொன்ன உடன, என்ர நெஞ்சில வந்த முதல் சொல்லு, என்ர பிள்ளை இல்லை எண்டது. நான் உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கேக்க உள்ளுக்குள்ள அந்தோனியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தன். அது உங்கட பிள்ளை எண்டு நினைச்சுத்தான் சொன்னன். நீங்க வாய் திறந்து கத்தினீங்க. நான் வாயை மூடிக்கொண்டு கத்தினன்."

என் பேனை நின்றுவிட்டது. அன்று அந்த அறையில் அவள் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். முழங்காலில் இருந்து ஆறுதல் சொன்ன அந்த முகத்தில் நான் இதைக் காணவில்லை.

"இதை எழுதத்தான் வேணுமா?"

"இது இல்லாட்டி மற்றதெல்லாம் பொய் அண்ணன்."

எழுதினேன். அவள் சொன்னபடியே, என் சொல் ஒன்றையும் சேர்க்காமல். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரும்படியும், தனக்குப் பக்கத்தில் இருக்கும்படியும், வர ஏலாவிட்டால் போனையாவது எடுக்கும்படியும் கடைசியில் சொன்னாள். வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்திலும் மாற்றவில்லை. கையெழுத்தை மட்டும் தானே போட்டாள்.

கதிர்காமநாதனிடம் கொடுத்துவிடலாம் என்றேன். "அவர் மேசையில வைப்பார், அவ பிரிக்கமாட்டா" என்றாள். "கையெழுத்துப் போட்டு வாங்கிற மாதிரி அனுப்புங்க. அவட பேருக்கே."

இருவரும் தபால் கந்தோருக்கு நடந்தோம். கவரின் மடிப்பில் நான் பசை தடவினேன். றஞ்சிதம் அதை வாங்கி, கவுண்டர்ப் பலகையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்த பெண் பதிவுத் தபாலுக்கான சீட்டை ஒட்டி, முத்திரையைக் குத்தி, வெள்ளவத்தை என்று வாசித்து, பின்னாலிருந்த பைக்குள் போட்டாள்.