வேரிலிருந்து வரும் வழி

அறிவழகனை அன்று காலை நான் திட்டிய திட்டு மொரப்பூரில் எங்கள் தெருவுக்கே கேட்டிருக்கும்.

லாரியின் பிரேக் டிரம் அளவுக்கு மீறிச் சூடானால் டிரைவரின் காதருகே அலறும் ஒரு பெட்டியை நானும் அவனும் சேர்ந்து செய்கிறோம். நிரல் ரஸ்ட் என்ற கணினி மொழியில். முதல் பெட்டி என் வீட்டுக்காரர் மாதேஷின் லாரியில்தான் இருக்கிறது. அவர் ஓசூரில் இரும்பு ஏற்றிக்கொண்டு தொப்பூர் மலை இறக்கத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"சோபனாக்கா, ஃபைலெல்லாம் கன்னாபின்னான்னு கெடந்துச்சுங்க. அலாரம் ஃபைலை டெஸ்டிங் ஃபோல்டருக்குள்ள தள்ளி அடுக்கி வெச்சிட்டேன். ஒரு எர்ரர்கூட வரலீங்க. ஓசூர்ல லோடு ஏத்தறப்பவே அண்ணன் வண்டிக்கும் அனுப்பிட்டேன்" என்று போனில் பெருமையடித்தான்.

எர்ரர் வரவில்லை என்றதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இடம் மாற்றினால் வந்திருக்க வேண்டுமே! திறந்து பார்த்தேன். சூட்டு வரம்பை எடுத்துவரும் வரி 'சூப்பர்' என்று தொடங்கியது. ரஸ்டில் அதற்கு, இருக்கிற இடத்துக்கு ஒரு படி மேலே போய்ப் பார் என்று பொருள். எங்கள் ஊரில் வழி சொல்வதும் அப்படித்தான்: "இப்படியே போயி அடுத்த திருப்பத்துல திரும்புங்க." நிற்கிற இடம் மாறினால் போய்ச் சேருகிற வீடும் மாறிவிடும். இப்போது ஒரு படி மேலே இருந்தது சோதனைப் பகுதி. அங்கேயும் அதே பெயரில் ஒரு வரம்பு. பட்டறையில் டிரம்மைப் பழுக்கக் காய்ச்சிப் பார்ப்பதற்காக வைத்த மிகப் பெரிய எண். பிரேக் கருகிப் போனாலும் பெட்டி வாயைத் திறக்காது.

"அடப்பாவி, அந்த வண்டியில போறது என் புருஷன்டா!"

மாதேஷை அழைத்தேன். ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார். 'சூப்பர்' என்பதை அழித்துவிட்டு 'கிரேட்' (crate) என்று தொடங்கி வழியை முழுசாக எழுதினேன். மொத்த நிரலின் வேரிலிருந்து புறப்படு என்று அதற்குப் பொருள்: வேரிலிருந்து பிரேக் பகுதி, அங்கிருந்து வரம்பு. ஃபைல் எங்கே கிடந்தாலும் இந்த வழி மாறாது. அனுப்பினேன். ஆனால் வண்டி நின்றால்தான் பெட்டி புது நிரலை ஏற்கும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோட்டோர முனியப்பனுக்குக் கற்பூரம் ஏற்றாமல் அவர் இறக்கத்தில் இறங்குவதில்லை. அன்றும் நிறுத்தினார். பெட்டி நிரலை வாங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே அழைத்தார்.

"ஏம்புள்ள, என்ன பொட்டி இது? பாதி எறக்கத்துல காது கிழியக் கத்துது! ஓரங்கட்டி எறங்கிப் பாத்தா, பின்சக்கரத்துல பொகையா வருது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா பிரேக்கே புடிச்சிருக்காது."

எங்கோ மலைச்சரிவில், இரும்புப் பாரத்தோடு இறங்கிய லாரிக்குள், நான் எழுதிய ஒற்றைச் சொல் வேரைப் பிடித்துப் போய்ச் சரியான எண்ணைத் தொட்டிருக்கிறது. யம்மாடி! தினமும் எழுதுகிற சொல்தான். அன்று அதைப் பார்க்கையில் உடம்பு சிலிர்த்தது.

"புள்ள, லைன்ல இருக்கியா?"

"இருக்கேங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.